விழிப்புணர்வு முதல் படிதான்: பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி எப்படி வேலை செய்கிறது?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். வாயில் வெப்பமானியோடு வாடிய பூமிப் பந்து, பக்கத்தில் வெட்டுப்பட்ட மரம் என்று பெரும்பாலான படங்கள் ஒரே அச்சில் இருக்கும். பிறகு ஊர்வலம், உறுதிமொழி, ஒரு மரக்கன்று, ஒரு குழுப்படம். மறுநாள் காலையில் அதே பள்ளியில் அதே குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். "பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று சொல்லி, அடுத்த ஆண்டு ஊர்வலத்தை இன்னும் நீளமாக்குவார்கள்.

கோளாறு அங்கே இல்லை. விழிப்புணர்வு அந்தப் பிள்ளைகளிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அதற்கு அடுத்து வர வேண்டியவைதான் வரவில்லை. "சுற்றுச்சூழல் விழிப்புணர்வு", "சுற்றுச்சூழல் கல்வி" என்ற இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குவதால் இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை.

## கொசுவிலிருந்து தொடங்கலாம்

கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். இது விழிப்புணர்வு: பிரச்சினை ஒன்று இருக்கிறது என்ற உணர்வு, அவ்வளவுதான். இந்த உணர்வால் ஒரு கொசுகூடக் குறையாது.

கொசு எங்கே, எத்தனை நாளில் உருவாகிறது என்று தெரிந்துகொள்வது அறிவு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீர் தேங்கும் இடங்களையே நாடும்: பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத தொட்டி, மாடியில் கிடக்கும் பழைய டயர். முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளைக் கடந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். தீர்வு இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டினால், சிறகு முளைக்கும் முன்பே புழு செத்துவிடும்.

"அந்தத் தட்டு எங்கள் வகுப்பு வாசலில் இருக்கிறது, பார்க்க வேண்டியது நாங்கள்தான்" என்று நினைப்பது மனப்பாங்கு. தட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவத் தெரிவது திறன். இதில் சூட்சுமம் தேய்ப்பதில் இருக்கிறது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்த நிலையிலும் அவை பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்துவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். எந்த வாரம் எந்தப் பக்கம் யார் பார்ப்பது என்று முறை வைத்து ஆண்டு முழுக்கச் செய்தால், அது பங்கேற்பு.

விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என்ற இந்த ஐந்தும் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட நோக்கங்கள். அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில், 1977 அக்டோபரில், யுனெஸ்கோ ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோடு சேர்ந்து நடத்திய மாநாடு இவற்றைச் சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களாக அறிவித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1975இல் வெளிவந்த பெல்கிரேடு சாசனம் என்ற சர்வதேச ஆவணத்தில் ஆறாவதாக ஒன்றும் இருந்தது: மதிப்பிடும் திறன். திபிலிசிப் பட்டியலில் அது தனியாக இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிகளில் இன்று பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான்.

இதுவரை பார்த்தது: விழிப்புணர்வு என்பது ஐந்தில் ஒன்று. ஊர்வலமும் ஓவியமும் முதல் படியில் நின்றுவிடுகின்றன.

## அறிந்தால் செய்வார்களா?

"சொன்னால் தெரிந்துகொள்வார்கள், தெரிந்தால் அக்கறை வரும், அக்கறை வந்தால் செய்வார்கள்" என்பதுதான் பலருடைய மனக்கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல் துலக்காவிட்டால் சொத்தை விழும் என்று தெரியாமலா பிள்ளைகள் இரவில் துலக்காமல் படுக்கிறார்கள்? ஹங்கர்ஃபோர்ட், வோல்க் என்ற இரு கல்வியாளர்கள் 1990இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இந்த நேர்கோட்டுக் கணக்கு பிழை என்று எழுதினார்கள். பிரச்சினையைத் தன்னுடையதாக எண்ணுவதும், தன்னால் எதையாவது மாற்ற முடியும் என்று நம்புவதும் சேர்ந்தால்தான் நடத்தை மாறும் என்பது அவர்கள் கண்ட முடிவின் சாரம்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? சமையல் பழகுகிறவரைப் பாருங்கள். உப்புப் போடுகிறார், நாக்கில் வைத்துப் பார்க்கிறார், குறைந்தால் இன்னும் கொஞ்சம் போடுகிறார். செய்ததன் பலன் அரை நிமிடத்தில் தெரிகிறது. இப்படிச் செயலின் விளைவு செய்தவரிடமே திரும்பி வருவதற்குப் பின்னூட்டம் என்று பெயர். போட்ட உப்பு ஓராண்டு கழித்துத்தான் கரிக்கும் என்றால் உலகத்தில் யாருக்கும் சமைக்கத் தெரிந்திருக்காது.

சுற்றுச்சூழலில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ஒரு மாணவி இன்று விளக்கை அணைத்ததால் காற்றில் என்ன மாறியது என்பதை அவளால் பார்க்கவே முடியாது. விளைவு தாமதமாக வருகிறது, வேறெங்கோ வருகிறது, கோடிக்கணக்கானவர்கள் செய்வதோடு கலந்து வருகிறது. அதனால்தான் "பூமியைக் காப்போம்" என்ற முழக்கம் பிள்ளைகளின் கையில் எதையும் கொடுப்பதில்லை. பூமி அவ்வளவு பெரியது. நல்ல சுற்றுச்சூழல் கல்வி இந்தத் தூரத்தைச் சுருக்குகிறது. கைக்கு எட்டும் சிறிய இடத்தை எடுத்துக்கொண்டு நான்கு வேலை செய்கிறது: அளக்கிறது, காரணம் தேடுகிறது, ஒன்றை மட்டும் மாற்றுகிறது, திரும்ப அளக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் எடுக்கும் முதல் அளவைத் தொடக்க அளவு என்று வைத்துக்கொள்வோம். அது இல்லாமல் தொடங்கிய திட்டம் வென்றதா தோற்றதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

## ஒரு சொட்டுக் குழாய்

மேலே சொன்ன சுற்றை ஒரே வகுப்பு நேரத்தில் காட்டுவதற்குச் சொட்டும் குழாயைப் போல் வசதியானது வேறில்லை. ஆய்வகத்தில் இருக்கும் 100 அல்லது 250 மில்லிலிட்டர் அளவுக் குவளை ஒன்று, கடிகாரம் ஒன்று போதும்.

குவளையைக் குழாயடியில் வைத்துச் சரியாக 10 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் இருப்பதால் கிடைத்த அளவை 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் கசிவு. 10 நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் சேர்ந்தால் நாளுக்கு 14.4 லிட்டர். இங்கே பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஆண்டுக்கு எவ்வளவு? பலர் பள்ளி வேலைநாட்களால் பெருக்குவார்கள். விடுமுறையிலும் குழாய் சொட்டும் என்பது யாராவது ஒருவருக்கு உறைக்கும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 365ஆல் பெருக்கினால் 5,256 லிட்டர்.

ஒரு நிமிடம் மட்டும் பிடித்து 1,440ஆல் பெருக்குவது பொதுவான தவறு. அளப்பதில் நேரும் சிறு பிழையும் அத்தனை மடங்கு பெருகிவிடும். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் கூடிச் சொட்டு வேகமாக விழும், வற்றும்போது குறையும். அதனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு அளவு எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

பிறகு காரணம். சாதாரணத் திருகுக் குழாயில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனரும் சில நிமிடங்களும் போதும், முதலில் வால்வை அடைக்க மறக்காவிட்டால். பெரியவர் ஒருவர் மாற்றுவதை மாணவர்கள் கூட இருந்து பார்க்கட்டும். மாற்றிய கையோடு அதே குவளையை அதே 10 நிமிடம் மறுபடி வைக்க வேண்டும். குவளை காலியாக நிற்கும். "என்னால் முடியும்" என்பதைச் சொற்பொழிவால் புகட்ட முடியாது. அந்தக் காலிக் குவளை அதைச் செய்துவிடும்.

சுருங்கச் சொன்னால்: அளவு, காரணம், மாற்றம், மறு அளவு. நான்கில் மறு அளவை விட்டுவிட்டால் பின்னூட்டம் இல்லை, வெறும் பழுதுபார்ப்புதான் மிஞ்சும்.

## குப்பையை எடை போடுவது

அடுத்த நிலைக்கு ஏற்றது குப்பைத் தணிக்கை. ஒரு நாளில் சேரும் குப்பையை வகை பிரித்து, எடை போட்டு, எழுதிவைப்பதற்குத்தான் இந்தப் பெயர். 25 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, பெரிய தார்ப்பாய், கையுறை, வாய்க்கவசம், ஆறு சாக்குகள் வேண்டும்.

முதல் நாள் மாலை எல்லாத் தொட்டிகளையும் காலி செய்துவிட்டு, மறுநாள் மாலை சேர்ந்ததை மட்டும் தார்ப்பாயில் கொட்டுங்கள். எஞ்சிய உணவு, காகிதம், பிளாஸ்டிக் உறை, பாட்டிலும் டப்பாவும், இலைதழை, மற்றவை என்று பிரித்து, ஒவ்வொரு சாக்கையும் எடை போட்டு, வெற்றுச் சாக்கின் எடையைக் கழித்து எழுத வேண்டும். அன்று வந்திருந்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று வரும். 400 பேர் வந்த நாளில் 20 கிலோ என்றால் தலைக்கு 50 கிராம். மொத்த எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், பாதிப் பேர் வராத நாளில் பள்ளி "திருந்திவிட்டதாக" முடிவு வந்துவிடும்.

உடைந்த கண்ணாடி, ஊசி, சானிட்டரி நாப்கின் ஆகியவற்றை மாணவர்கள் தொடக் கூடாது. அந்தத் தொட்டிகள் தணிக்கைக்கு வெளியே இருக்கட்டும். இன்னொன்று: குப்பை பிரிப்பதை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது, எப்போதும் அதே சில பிள்ளைகள் தலையில் கட்டவும் கூடாது. ஆசிரியரும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது பாடம்; தள்ளி நின்று கை காட்டினால், குப்பை என்பது தாழ்ந்தவர் வேலை என்ற வேறொரு பாடம் நடந்துவிடும்.

கணக்கு கெட்டுப்போகும் வழிகள் சில உண்டு. தேதியை முன்கூட்டி அறிவித்தால் அன்றைக்குக் குப்பை குறைந்துவிடும். விழா நடந்த நாளில் எடுத்தால் கூடிவிடும். மழையில் நனைந்த காகிதம் தன் எடையைவிடத் தண்ணீரின் எடையைக் காட்டும். எனவே சாதாரண நாட்கள் மூன்றை எடுத்துச் சராசரி பார்ப்பதே பாதுகாப்பு.

உணவுக் கழிவும் இலைதழையும் உரக்குழிக்குப் போகலாம். பள்ளி உரக்குழிகள் பெரும்பாலும் நாற்றத்தால் கைவிடப்படுகின்றன. நாற்றம் வந்தால் காரணத்தையும் அதுவே சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை. கிளறி, காய்ந்த இலை சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு கூடிப்போயிற்று. அதற்கும் காய்ந்த இலைதான் மருந்து. ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு என்று தொடங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் எலியை அழைக்கும், அவை வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும்.

## தப்பாகப் பதிந்த அறிவு

அறிவு என்ற இரண்டாம் படியிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஓவியப் போட்டியில் இன்னொரு படம் தவறாமல் வரும்: பூமிக்கு மேல் கிழிந்த குடை, கிழிசல் வழியாகச் சூரிய வெப்பம் இறங்குகிறது, கீழே பனி உருகுகிறது. பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் அந்தப் படம் தவறு. இரண்டு வேறு பிரச்சினைகள் அதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் முன்பு பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்கள் அதை அரித்தன. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவை படிப்படியாக நிறுத்தப்பட்டன. படலம் மெல்ல ஆறி வருகிறது.

புவி வெப்பமாவது வேறு கதை. வெயில் பட்டுச் சூடாகும் தரை, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்துத் திருப்பிவிடுகின்றன. இந்த வாயுக்கள் ஒரு போர்வை மாதிரி. போர்வைக்குச் சொந்தச் சூடு கிடையாது. உடம்புச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. போர்வையை இரட்டிப்பாக்கினால் வியர்க்கும். ஓசோன் ஓட்டை நாளைக்கே முழுதாக அடைபட்டாலும் இந்தப் போர்வை அப்படியே இருக்கும். (குளோரோஃபுளூரோகார்பன்களும் வெப்பத்தைப் பிடிப்பவைதான். குழப்பம் இவ்வளவு உறுதியாக நிற்க அதுவும் ஒரு காரணம்.)

இது வெறும் தேர்வுப் பிழை இல்லை. கிழிந்த குடையை நம்பும் பிள்ளை, தெளிப்பானை நிறுத்தினால் வெப்பம் குறையும் என்று முடிவுகட்டும். நிலக்கரி, பெட்ரோல் பக்கம் அதன் கவனமே போகாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சூரியன், பூமி, நடுவில் காற்று மண்டலம் வரைந்த தாளைக் கொடுத்து, "வெப்பம் எப்படிச் சேர்கிறது, அம்புக்குறி போடு" என்று கேளுங்கள். பூமியிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பும் இல்லாத தாள்தான் மறுபடி பாடம் நடத்த வேண்டிய தாள்.

## மரக்கன்றை எப்போது எண்ணுவது

நட்ட அன்று எண்ணினால் எல்லாப் பள்ளியும் நூற்றுக்கு நூறு. ஓராண்டு கழித்து எண்ண வேண்டும். உயிரோடிருக்கும் கன்றுகளை நட்டவற்றால் வகுத்தால் பிழைப்பு விகிதம். இந்த எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதும் துணிவு வந்தால், அடுத்த முறை கன்றுகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்து, குழியின் ஆழம் கூடும்.

கன்றுகள் சாவதற்கான காரணங்கள் சாதாரணமானவை. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் எடுக்க வேண்டிய குழியைக் கையகலத்துக்குத் தோண்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே நட்டிருப்பார்கள், அல்லது கிழிக்கும்போது வேர்மண் உதிர்ந்திருக்கும். கம்பிவலை இல்லாமல் ஆடு மேய்ந்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கொலையாளி நீண்ட விடுமுறை. விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் இல்லையென்றால் அந்தக் கன்றை நடாமல் இருப்பதே மேல்.

## எந்த வயதில் எது

சின்ன வகுப்புகளுக்குப் பார்ப்பதும் தொடுவதும் போதும்: எறும்பு வரிசை, இலையின் நரம்பு, மழைக்குப் பிறகு வரும் மண்புழு. உருகும் பனிமலையையும் அழியும் காட்டையும் காட்டி அந்த வயதில் பயமுறுத்தினால், ஒன்றும் செய்ய முடியாத குழந்தை அந்தப் பேச்சையே தவிர்க்கப் பழகும். நடு வகுப்புகளுக்கு, முன்பு பார்த்த குழாய், குப்பை அளவைகள். உயர் வகுப்புகளுக்கு அளவை மட்டும் போதாது. முடிவெடுப்பவர்களிடம் எண்களோடு போய்ப் பேசவும் பழக வேண்டும்.

## எண் அசையாவிட்டால்

மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், அதே தராசில் அதே ஆறு வகையாகத் திரும்ப அளக்கிறீர்கள். வந்திருந்தவர்கள் இரண்டு முறையும் அதே 400 பேர், உணவுக் கழிவு முதல் முறை 12 கிலோ, இப்போதும் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "உணவை வீணாக்காதே" என்ற பலகை மூன்று மாதமாகச் சுவரில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோய்த் தராசைப் பரணில் போடுகிறார்கள். உண்மையில் கல்வி நடக்கும் இடம் இது. எண் அசையவில்லை என்றால் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று பொருளில்லை. முதலில் ஊகித்த காரணம் தப்பு என்று பொருள்.

வேறு காரணங்களை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் பரிமாறுகிறார்களா? வீட்டிலிருந்து வரும் டப்பா பெரிதா? சாப்பிட நேரம் போதவில்லையா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். நேரத்தைச் சோதிப்பது எளிது: இரண்டு மாணவர்கள் கடிகாரத்தோடு கை கழுவும் இடத்தில் நிற்கட்டும். இடைவேளை 30 நிமிடம், வரிசையின் கடைசி ஆள் கை கழுவி உட்காரும்போது 18 நிமிடம் போய்விட்டது என்று தெரியவந்தால், 12 கிலோவின் கணிசமான பங்கு குழாயடியில் தொடங்குகிறது. சுவரில் இருக்கும் பலகையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் நான்கு குழாய் பதிப்பதா, வகுப்புகளை இரண்டு அணியாகச் சாப்பிட விடுவதா என்பது தலைமையாசிரியர் மேசைக்குப் போக வேண்டிய கேள்வி. இரண்டு தணிக்கை எண்களும் அந்த 18 நிமிடமும் ஒரே தாளில் அடங்கும். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியது மாணவர்கள்.